வலப்பக்கம் சாய்ந்து குடித்த பிள்ளை

குறைமாதத்தில் பிறக்கும் பிள்ளைகளுக்கு எங்கள் வார்டில் பெயர் இருக்காது. கணுக்காலில் கட்டிய பட்டையில் தாயின் பெயர்தான் எழுதியிருக்கும். அதனால் நான் அவர்களை நாள் கணக்கால் நினைவில் வைத்துக்கொள்வேன். இந்தப் பிள்ளையை நான் முதன்முதலாக மடியில் வைத்துக்கொண்டது அவன் பிறந்த இருபத்தொன்பதாம் நாள். எண்பத்து மூன்றாம் ஆண்டு, ஜூலை மாதக் கடைசி, ஒரு புதன்கிழமை, பகல் பதினொரு மணிப் பால்.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. மலேசியாவில், கிள்ளான் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் தாதியாக இருந்தேன். குடியிருந்தது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஒரு துணிக்கடைக்கு மேலே ஓர் அறையில். அப்பா ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். அவரும் அம்மாவும் காலமாகிவிட்டார்கள். ஒரே அண்ணன் ஆஸ்திரேலியாவில் இருந்தார். ஆண்டுக்கு இரண்டு கடிதம். விடியற்காலை பட்டணத்துக்கு நடந்துபோய் கிள்ளான் பஸ் பிடிப்பேன். மாலையில் திரும்பியதும் நூலகப் புத்தகம், அதன் பிறகு நாட்குறிப்பு. அன்று பெய்த மழை, பஸ் தாமதமான நிமிடம், படித்து முடித்த பக்கம், மடியில் வைத்துப் பால் கொடுத்த பிள்ளைகள் குடித்த அளவு, எல்லாம் அதில் இருக்கும். அன்றைக்கு வேறு யாரோடும் பேசாத நாட்களில் இரண்டு பக்கம் கூடுதலாக வந்திருக்கிறது என்பதை இப்போது புரட்டும்போது பார்க்கிறேன்.

அந்தப் பிள்ளை பத்து வாரம் முந்திப் பிறந்தவன். கண்ணாடிப் பெட்டிக்குள் நான்கு வாரம் வாய் வழியாக வயிற்றுக்குப் போன மெல்லிய குழாயில் பால் குடித்தான். குடித்தான் என்று சொல்வது தவறு. பால் தானாக இறங்கியது, அவன் தூங்கினான். போத்தலில் குடிக்கும்போதுதான் உண்மையான வேலை ஆரம்பமாகிறது. சப்ப வேண்டும், விழுங்க வேண்டும், மூச்சு விட வேண்டும். நிறைமாதப் பிள்ளைக்கு இந்த மூன்றும் சேர்ந்து வரும். குறைமாதப் பிள்ளை சப்ப ஆரம்பித்தால் மூச்சு விட மறந்துவிடும். உதட்டைச் சுற்றி நீலம் பாயும். நெஞ்சுத் துடிப்பு இறங்கும். போத்தலை உருவி, முதுகைத் தேய்த்துவிட்டால் திரும்பி வரும். சில நேரம் திரும்பி வரச் சற்று நேரமாகும். அந்தச் சற்று நேரத்தைத் தாண்டியவர்களுக்குத்தான் அதன் நீளம் தெரியும்.

பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தந்தது, பிள்ளையை மல்லாக்க, தலையை உயர்த்தி, முழங்கை மடிப்பில் ஏந்திக் கொடுப்பது. பெரிய பிள்ளைக்கு அது சரி. சிறியதற்கு, போத்தலிலிருந்து இறங்கும் பால் தொண்டையில் தேங்கிவிடும். அது விழுங்கி முடிப்பதற்குள் அடுத்த வாய் வந்துவிடும். பக்கவாட்டில் படுத்த பிள்ளைக்குக் கூடுதலான பால் கடைவாய் வழியாகத் தானே வழிந்துபோவதைப் பார்த்துப் பார்த்து, நான் என் போக்கில் ஒரு முறையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கைகள் இரண்டும் மார்பில் சேர, துணியில் இறுக்கமாகச் சுற்றுவேன். ஒரு காலைச் சிறு முக்காலியில் தூக்கி வைத்து, மடியைச் சரிவாக்கிக்கொள்வேன். பிள்ளையின் முதுகு என் வயிற்றில் பட, அது இடப்பக்கம் சாய்ந்து படுத்திருக்கும். வலக்காது கூரையைப் பார்க்கும். தலை என் இடது உள்ளங்கையில். போத்தல் வலது கையில், தரைக்குச் சமமாக, காம்பு பாதி நிறையும்படி. நான்கைந்து முறை சப்பியதும் போத்தலின் அடியை ஒரு நூலளவு தாழ்த்துவேன். பால் நிற்கும். பிள்ளை மூச்சு விடும். மறுபடி உயர்த்துவேன். சுருங்கும் புருவம், விரியும் விரல்கள், இரண்டையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அரை மணிக்கு மேல் போனால் நிறுத்திவிட்டு மிச்சத்தைக் குழாயில் விடுவோம். குடிக்கும் உழைப்பிலேயே ஏறிய எடை இறங்கிவிடும்.

இப்படி வைத்துக்கொண்டால் பிள்ளையின் முகம் நம்மைப் பார்க்காது. இருவரும் ஒரே திசையில், வார்டின் சன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். எனக்கு அது பிடித்திருந்தது.

அந்தப் புதன்கிழமை அவன் முப்பத்தைந்து மில்லியையும் இருபத்திரண்டு நிமிடத்தில் குடித்தான். மற்றத் தாதிகளிடம் அன்று பத்து, பன்னிரண்டோடு தூங்கிவிட்டான். "ஒங்கிட்டதான்லா குடிக்கிறான்," என்று சிரித்தார்கள். என் நாட்குறிப்பில், 'என் கையில் மட்டும் குடிக்கிறான்' என்று இருக்கிறது. அதன் கீழே கோடு போட்டிருக்கிறேன். மறுநாள் எனக்கு விடுமுறை. அன்றும் கிள்ளான் பஸ் ஏறி, ஏதோ தாளில் கையெழுத்துப் போட மறந்ததாகச் சொல்லி, அவனைப் பார்த்துவிட்டு வந்தேன்.

முப்பத்தோராம் நாள் அவன் தாய் வந்தாள். காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெண், வயது இருபது. தீட்டு முப்பது நாள் கழியும் வரை மாமியார் வீட்டை விட்டு வெளியே விடவில்லை. அதற்குள் அவள் பால் வற்றிவிட்டது. லோரி ஓட்டும் கணவன் குவந்தான் ஊருக்குப் போயிருந்தான். வார்டுக்குக் கீழே தாய்மார் தங்கும் அறையில் பாயும் பையுமாக வந்து இறங்கினாள். கண்ணாடிப் பெட்டியிலிருந்து சின்னத் தொட்டிலுக்கு மாற்றியிருந்த மகனை, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எட்ட நின்று பார்த்தாள்.

"தொடலாம்," என்றேன்.

"கை சில்லுனு இருக்கு மிஸ்ஸி." தாதிகளை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

எங்கள் வார்டு விதி எளிமையானது. பிள்ளை இரண்டு கிலோ தொட வேண்டும். தாய் தன் கையால் இரண்டு நாள் எல்லாப் பாலும் கொடுத்து, அவன் முழுதும் குடிக்க வேண்டும். அதன் பிறகுதான் வீடு. அன்று அவன் ஒரு கிலோ எழுநூற்று இருபது.

அவளை முக்காலியில் கால் வைக்கச் சொன்னேன். பிள்ளையைச் சுற்றி மடியில் வைத்தேன். அவள் போத்தலை எடுத்தாள். நான் அதை வாங்கி அவளுடைய வலது கையில் வைத்தேன். தலையை இடது உள்ளங்கையில் ஏந்தச் சொன்னேன். ஏன் வாங்கி மாற்றினேன் என்று அப்போது யோசிக்கவில்லை. சோற்றுக்கை எது என்று யாரும் யோசித்துச் செய்வதில்லை. அன்றிரவு எழுதியதில் அந்த வரியும் இருக்கிறது: 'போத்தலை வலக்கைக்கு மாற்றினேன்.'

பத்து மில்லி போகும் முன் அவன் நீலமானான்.

அடுத்தடுத்த நாட்களும் அப்படியே. அவள் கவனமாகத்தான் இருந்தாள். சொன்னதைத் திருப்பிச் சொல்வாள். நான்கு சப்பு, ஒரு இறக்கம் என்று வாய்க்குள் எண்ணுவாள். ஆனால் இறக்க வேண்டிய நூலளவு அவளுக்கு விரலளவு ஆகிவிடும். காம்பு வாயை விட்டு வந்துவிடும். திரும்ப வைக்கும்போது பால் ஒரேயடியாகப் பாயும். பிள்ளை விரல்களை விரிக்கும். அவள் கை நடுங்கும். நான் வாங்கிக் கொடுப்பேன். என்னிடம் வந்ததும் குடிப்பான். அவள் பக்கத்தில் நின்று பார்ப்பாள்.

இதில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவளிடமிருந்து அவனை வாங்கும்போது எனக்குள் ஒரு நிம்மதி இருந்தது. அதை நான் எங்கேயும் எழுதவில்லை. ஆனால் அந்த நாட்களின் குறிப்பில் பஸ், மழை, புத்தகம் எதுவும் இல்லை. அவன் குடித்த மில்லிக் கணக்கு மட்டும்தான் இருக்கிறது.

முப்பத்தாறாம் நாள், பார்வையாளர் நேரத்தில் மாமியார் வந்தார். உயரமான அம்மா, தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். மருமகள் பால் கொடுப்பதைக் கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்த்தார். பிள்ளை இருமியது, நான் ஓடிப்போய் வாங்கியது, எல்லாம் பார்த்தார். வெளியே வந்து அவரிடம் பேசினேன்.

"இவ வயித்துலயும் நிக்கல, கையிலயும் நிக்கல," என்றார், மருமகள் காதில் விழும்படியே. "என்னா மிஸ்ஸி, எத்தன நாளா சொல்லிக் குடுக்கிறீங்க?"

"ஆறு நாள் ஆகுது அம்மா. வந்துடும்."

"சிலோன்காரங்க நீங்க, புத்தகத்தப் பாத்துப் பேசுவீங்க. நாங்க பிள்ளையப் பாத்துப் பேசுறவங்க. எம் மூத்த மருமக இருக்கா. பத்து வருசமா பிள்ள இல்ல. அவ கை நல்ல கை. ஞாயித்துக்கெழம கூட்டியாரேன், அவளுக்குக் காட்டிக் குடுங்க. பிள்ளைய அவ வளக்கட்டும்."

அவர் போன பிறகு இவள் தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று விரிப்பை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். விரிப்பு ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"கொஞ்ச நாளைக்குத்தானே," என்றேன். எதையாவது சொல்ல வேண்டியிருந்தது.

"அக்கா தூக்கிட்டா திருப்பிக் குடுக்க மாட்டாங்க மிஸ்ஸி. யாரும் கேக்கவும் மாட்டாங்க. ஒரே வீடு. நான் தெனம் பாத்துக்கிட்டே இருப்பேன்." பிறகு, "அக்கா நல்லவங்கதான்," என்றாள்.

இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை பிற்பகல். முப்பத்தெட்டாம் நாள். பாலுக்கு இன்னும் அரை மணி இருந்தது. நான் பக்கத்துத் தொட்டிலில் ஒரு பிள்ளைக்குக் குழாய் மாற்றிக்கொண்டிருந்தேன். அவள் மகன் தூங்கிக்கொண்டிருந்தான். சின்னப் பிள்ளைகளின் மூடிய கைக்குள் போர்வையின் பஞ்சு சேரும். ஈரத்தில் நூல்போல் திரிந்து விரலிடுக்கில் சுற்றிக்கொள்ளும். எழுப்பாமல் அதை எடுப்பது எங்களுக்கே வராது. அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். சுண்டுவிரலைத் தூக்கி, ஒரு நூலை உருவி, விரலை மூடி, அடுத்ததைத் தூக்கி. ஐந்து விரலும் முடிந்தது. பிள்ளையின் மூச்சுகூட மாறவில்லை. நான் குழாயை ஒட்ட மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவையும் செய்தது அவளுடைய இடது கை.

பக்கத்தில் போய்க் கேட்டேன். "நீ இடது கைக்காரியா?"

கையை உடனே பாவாடைப் பக்கம் கொண்டுபோனாள். "இல்ல மிஸ்ஸி. வலது கையாலதான் சாப்பிடுவேன். எழுதுறதும் அதாலதான்."

"அத யாரு பழக்கினா?"

"ஸ்கூல்ல வாத்தியார் அடிச்சுப் பழக்கினாரு. கல்யாணமான புதுசுல மாமாவுக்குத் தண்ணி மோந்து குடுத்தேன், தெரியாம இந்தக் கையால. அத்த சொம்பத் தட்டி விட்டாங்க. பீச்சாங்கையால குடுக்கிறியேன்னு." பாவாடை மடிப்பைப் பிடித்துக்கொண்டே சொன்னாள். "மொத நாள் நீங்களும் மாத்தி வச்சீங்களே மிஸ்ஸி. அதான், பிள்ளைக்கும் ஆகாதுபோலன்னு நெனச்சேன்."

எட்டு நாள். ஒரு நாளைக்கு எட்டுப் பால். வேலையில் பதினான்கு வருடம் ஆகியிருந்தது எனக்கு. எத்தனையோ புத்தகம் படித்திருந்தேன். அந்தப் பெண் போத்தலைத் தன் கையில்தான் எடுத்தாள். நான் அதைப் பிடுங்கி, எதற்கும் பழகாத ஒரு கையில் வைத்து, ஏன் நடுங்குகிறது என்று கேட்டிருக்கிறேன். சீனத் தாதியோ மலாய்த் தாதியோ அன்று அந்த இடத்தில் நின்றிருந்தால் எப்படியோ தெரியாது. நான் தமிழச்சி, எந்தக் கையில் எதைக் கொடுப்பது என்பது எனக்குள் கேள்வியாகவே இல்லை.

"நாற்காலியத் திருப்பிப் போடு," என்றேன். குரல் கடுமையாக வந்துவிட்டது. அவள் பயந்துபோய்ப் போட்டாள்.

எல்லாவற்றையும் மாற்றினோம். மற்றக் காலை முக்காலியில் வைத்தாள். பிள்ளை வலப்பக்கம் சாய்ந்தான், இடக்காது மேலே. தலை அவளுடைய வலது உள்ளங்கையில், வெறுமனே ஏந்துவதற்கு. போத்தல் இடது கையில். அவள் வாசலைப் பார்த்தாள்.

"யாரும் வரல. குடு."

ஆறு சப்பு போயிற்று. நான் இறக்கச் சொல்ல வாயெடுக்கும் முன்பே அவள் இறக்கினாள். ஒரு நூலளவு. காம்பு வாயிலேயே இருந்தது. பிள்ளை மூச்சு வாங்கியது. உயர்த்தினாள். அவள் எண்ணவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. முதல் தடவை இருபது மில்லி, அதோடு தூங்கினான். சாயந்திரப் பால் முப்பது. சனிக்கிழமை காலை முழுதும் குடித்தான். கடைசியில் காம்பை விடாமல் வெறுமனே சப்பிக்கொண்டிருந்தான். அவள் உதட்டை மடித்துக்கொண்டு சிரித்தாள். நான் பக்கத்தில் கைகளை வைத்துக்கொள்ள இடம் தெரியாமல் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மூவராக இருந்தார்கள். மாமியாரோடு மூத்த மருமகளும் வந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். கண்ணை நிமிர்த்தாத பெண். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டாள். நகங்களை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

சின்னவள் போத்தலை எடுத்தாள். வலது கைக்குப் போயிற்று. அங்கிருந்து இடது கைக்கு வந்தது.

"ஏய், கையப் பாரு," என்றார் மாமியார்.

"அவங்கள விடுங்க," என்றேன். "அந்தக் கையாலதான் குடுக்கணும். தப்பு என்னோடது. மொத நாளே அவங்க சரியாத்தான் எடுத்தாங்க. நான்தான் மாத்தினேன். அதான் இவ்வளவு நாள் பிள்ள கஷ்டப்பட்டது."

"என்னா மிஸ்ஸி சொல்றீங்க. பீச்சாங்கையால சோறு போடுவாங்களா?"

"பத்து நிமிசம் பாருங்க அம்மா. அவன் நீலமானா நானே மூத்தவங்ககிட்ட எடுத்துக் குடுக்கிறேன்."

அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. சொன்ன பிறகுதான் தெரிந்தது. பிள்ளையின் தொண்டையில் பால் இறங்கும் சின்னச் சத்தம், பிறகு மூச்சு, பிறகு சத்தம். மாமியார் குனிந்து உதட்டின் நிறத்தைப் பார்த்தார். நாற்பது வருடம் முன்பு அவரும் இப்படி யாரையாவது பார்த்திருப்பாரோ என்னவோ, அவ்வளவு கிட்டத்தில் பார்த்தார். பத்தொன்பது நிமிடத்தில் போத்தல் காலியாயிற்று.

அவர் நிமிர்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தார். என்னைப் பார்க்காமல் மருமகளிடம் சொன்னார்:

"வூட்டுல நாலு பேரு முன்னால இப்படிக் குடுக்காத. ரூமுக்குப் போயிக் கதவச் சாத்திக்கிட்டுக் குடு."

அவ்வளவுதான். மூத்த மருமகளுக்குக் காட்டிக் கொடுக்கச் சொல்லி யாரும் மறுபடி கேட்கவில்லை. அவள் கழுவிய கைகளைத் துடைக்காமல் முன்னால் நீட்டியபடியே நின்றிருந்தாள். மாமியார் வெளியே போன பிறகு, "மிஸ்ஸி, நான் ஒரு தடவ தூக்கிப் பாக்கலாமா?" என்றாள். சின்னவளைப் பார்த்தேன். அவள் தானே எழுந்து பிள்ளையைத் தோளில் நிமிர்த்திக் கொடுத்தாள். ஏப்பம் வரும் வரை மூத்தவள் அவன் முதுகைத் தட்டினாள். ஏப்பம் வந்த பிறகும் தட்டினாள். அவளும் நானும் அன்று வெறுங்கையோடுதான் பஸ் ஏறுவோம். அவளுடைய பஸ்ஸும் என்னுடைய பஸ்ஸும் எதிரெதிர்த் திசையில் போகிறவை என்பது மட்டும் ஏனோ ஞாபகம் வந்தது.

நாற்பத்து நான்காம் நாள், வியாழக்கிழமை, இரண்டு கிலோ பத்து. தோட்டத்துக் கிளினிக்குக்கு எழுதும் கடிதத்தில் பாலின் அளவோடு, 'வலப்பக்கம் சாய்த்து, தாயின் இடது கையால். கையை மாற்ற வேண்டாம்' என்று சேர்த்தேன். வார்டு சிஸ்டர் படித்துவிட்டு, இதெல்லாம் தேவையா என்று கேட்டார். தேவை என்றேன். நல்லெண்ணத்தோடு யாராவது ஒருவர் அங்கேயும் வாங்கி மாற்றி வைப்பார்.

கீழே வேன் வந்து நின்றது. அவள் பிள்ளையைச் சுற்றி எடுத்துக்கொண்டாள். வாசல் வரை போனேன்.

"வீட்டுல அப்படிக் கதவச் சாத்திக்கிட்டு, ஒரு நாளைக்கு எட்டுத் தடவ. கஷ்டமா இருக்காதா?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள்.

"எங்க வூட்டுல பதினோரு பேரு மிஸ்ஸி. கல்யாணமாயி வந்ததுலேருந்து நான் ஒரு கதவையும் சாத்தினதில்ல. இனிமே நானும் இவனும் மட்டும் இருப்போம். யாரும் வர மாட்டாங்க." அதை அவள் சந்தோஷமாகச் சொன்னாள்.

வேன் போயிற்று. இரண்டு மணிப் பாலுக்கு மேலே ஏறினேன். அவன் தொட்டிலில் விரிப்பு மாற்றி, பிறந்து பன்னிரண்டு நாளான ஒரு பெண் பிள்ளையைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். இன்னும் குழாய்தான், மடியில் எடுக்க மூன்று வாரமாவது ஆகும். பாலைக் குழாயில் ஊற்றி, அது இறங்கி முடியும் வரை பக்கத்தில் நின்றேன்.